செவ்வாய்க்கிழமை மெசேஜ்கள்

என் மனைவிக்கு எதையும் ஒரே மெசேஜில் சொல்லத் தெரியாது. "சாப்டீங்களா" என்பதற்கே மூன்று அனுப்புவாள். ஒரே கட்டிடம்தான், அவள் ஐந்தாம் மாடி, நான் இரண்டாம் மாடி. என் ஃபோன் நாள் முழுக்க நச்சரித்துக்கொண்டே இருக்கும். எனக்கு அது பிடிக்கும், ஐயா.

எங்கள் கம்பெனி டயாலிசிஸ் மையங்களை நடத்துகிறது. போட்டிக் கம்பெனியோடு இணைய முடிவானபோது திட்டம் தயாரித்தது அவள். அனுமதி கேட்டு அரசு ஆணையத்துக்கு விண்ணப்பம் தயாரித்த சட்ட அதிகாரி நான். இணைப்பைப் பற்றி மேலதிகாரிகள் எழுதிய அத்தனையும் விண்ணப்பத்தோடு போக வேண்டும். ஃபோன் மெசேஜும் ஆவணம்தான். இரண்டு பேர் ஒரு நாளில் பேசிக்கொண்டது மொத்தமும் ஒரே ஆவணம். பிடிக்காத வரியை மட்டும் உருவிவிட முடியாது. அந்த விதியை எல்லோருக்கும் வகுப்பெடுத்ததே நான்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் எழுதியிருந்தாள்: "மலையோர மையம் மூணையும் மூடச் சொல்றாங்க. அந்த நோயாளிங்க எங்கங்க போவாங்க? செத்துடுவாங்க. முடியாதுன்னு முதலாளிகிட்ட சொல்லிட்டேன். விண்ணப்பத்துல இதைக் கட்டாயம் சேருங்க."

"உனக்கெதுக்கு வம்பு? கையெழுத்தப் போட்டுட்டு வேலையப் பாரு. வரும்போது பால் வாங்கிட்டு வா" என்று நான் பதில் போட்டிருந்தேன்.

நான் சொன்னால் தட்டமாட்டாள். கையெழுத்துப் போட்டாள். பாலும் வாங்கி வந்தாள்.

அவள் வரிகள் ஆணையத்துக்குப் போனால் என் வரியும் கூடவே போகும். அதனால் அந்த நாளையே 'குடும்பப் பேச்சு' என்று குறித்து ஒதுக்கினேன். பிரதி எடுக்க வாங்கிய அவள் ஃபோனிலிருந்து அந்த மெசேஜ்களை அழித்தேன். புருஷன் பெண்டாட்டி பேச்சில் அரசுக்கு என்ன வேலை? இணைப்பு முடிந்ததும் சட்ட இயக்குநர் பதவி எனக்கு என்று முதலாளி சொல்லியிருந்தார். அது வேறு விஷயம்.

அனுமதி கிடைத்தது. மூன்று மையங்களையும் மூடினார்கள். ஐந்து மாதத்தில் பதினோரு பேர் இறந்தார்கள். தன்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்றார் முதலாளி. திட்டத்தில் இருந்தது அவள் கையெழுத்து மட்டும்தான்.

நீங்கள் விசாரணையைத் தொடங்கியதும் அவள் தன் ஃபோனைத் துழாவினாள். "மையத்த மூடக் கூடாதுன்னு உங்களுக்கு அனுப்பினேனே, ஞாபகமில்லையா?"

"அப்படி எதுவும் வரலையேம்மா. மனசுல நெனச்சிருப்ப. அனுப்பின மாதிரி தோணுது."

எத்தனை முறை கேட்டாளோ அத்தனை முறையும் பொறுமையாகவே சொன்னேன். ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. கொஞ்ச நாளில் கேட்பதை நிறுத்திவிட்டாள். அடுப்பை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா என்பதைக்கூட என்னிடம் கேட்டுத்தான் நம்பினாள். கடைசியில், யாரையும் எச்சரிக்கவில்லை என்று உங்களிடமே எழுதிக் கொடுத்தாள்.

நீங்கள் பறிமுதல் செய்த என் ஃபோனில் அந்தச் செவ்வாய்க்கிழமை அப்படியே இருக்கும். அவள் எழுதியதை அழிக்க எனக்கு மனசு வரவில்லை. தினமும் எடுத்துப் படிப்பேன். வீடு வெறிச்சென்று கிடக்கிறது, ஐயா.

போன வாரம் அவளைச் சிறையில் பார்க்கப் போனபோது கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதாள். "உங்க பேரையும் கெடுத்துட்டேங்க. என்னை மன்னிச்சிடுங்க" என்றாள்.

மன்னித்துவிட்டேன்.