கொலீன் எழுதிய கடைசி வரி

வெள்ளிக்கிழமை என்றால் மீன் வறுவல் சாப்பிடக் கடைக்குப் போவது எங்கள் ஈரி ஏரிக்கரையில் எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான். எனக்கும் பிடிக்கும். கொலீன் எங்கள் அலுவலகத்தில் சேர்ந்த பிறகுதான் அந்த மீன் தொண்டையில் இறங்காமல் போயிற்று.

நாங்கள் பனி எச்சரிக்கை எழுதுகிறவர்கள். ஏரியிலிருந்து கிளம்பும் பனிமேகம் நீளப் பட்டையாக வரும். நகர்ந்துகொண்டே போனால் ஓரடிப் பனி. ஒரே இடத்தில் உட்கார்ந்துவிட்டால் ஐந்தடி. உட்காருமா, எங்கே உட்காரும் என்று முந்திய நாளே யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. நான் இருபத்தாறு வருடமாக ஒரே ஒரு எண்ணைத்தான் எழுதி வந்தேன். தப்பினால் ஊர் திட்டும், வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

கொலீன் வந்ததும் அடியில் ஒரு வரி சேர்த்தாள். 'ஓரடி விழலாம், ஆனால் ஐந்தடி விழவும் பத்தில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு' என்பதுபோல. அதன் பிறகு மேலே இருப்பதை ஒருவரும் படிப்பதில்லை. மீன் கடையில் பக்கத்து மேசையில் பேசிக்கொள்வார்கள்.

"கொலீன் இன்னிக்கு எத்தனை போட்டிருக்கா?"

"பத்துல ஒண்ணு."

"அப்போ வண்டிய எடுக்கலாம். வால்டர் எழுதியிருந்தா பூவா தலையா போட்டுப் பார்த்திருக்கணும்."

நான் அங்கே உட்கார்ந்திருப்பது தெரிந்துதான் சிரித்தார்கள்.

நீங்களே சொல்லுங்கள். ஐந்தடி விழுந்தால், அவள் அப்போதே சொன்னாள் என்பார்கள். விழாவிட்டால், பெரும்பாலும் விழாது என்றுதானே சொன்னாள் என்பார்கள். எப்படி விழுந்தாலும் அவள் சரி. எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைக்கவில்லை. ஒரே ஒரு தடவை அவள் கணிப்பு பொய்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

நவம்பர் பதினெட்டு, காலை. இரவுப் பணி முடிந்து, எச்சரிக்கையின் கீழே தன் பெயரையும் போட்டு, என்னிடம் ஒப்படைத்தாள். வெளியே அனுப்ப வேண்டியவன் நான்.

"கடைசி வரிய மட்டும் ஒரு தடவை பார்த்துடுங்க வால்டர். பத்துல மூணுன்னு போட்டிருக்கேன். நான் போய்த் தூங்கறேன்."

பார்த்தேன். அந்த வரியை அழித்தேன். அவள் பெயரை அழிக்கவில்லை. பொய்யாக ஒரு சொல்கூட நான் சேர்க்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மதியம் ஆர்லோ போன் செய்தார். டயாலிசிஸ் நோயாளிகளை மருத்துவமனைக்கு அழைத்துப் போய்வரும் வண்டியின் டிரைவர்.

"வால்டர், கொலீனோட கடைசி வரியக் காணோமே, மறந்துட்டாளா? மூணு பேரை வீட்ல கொண்டுபோய் விடணும். இல்ல, இங்கயே தங்க வச்சிடட்டுமா?"

"அவ மறக்கிற ஆளா? வரி இல்லேன்னா வாய்ப்பே இல்லைன்னு அர்த்தம்."

"அப்ப சரி. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அந்தக் கடைசிப் பேச்சை அவர் பேசாமல் இருந்திருந்தால், ஒருவேளை நான் மனம் மாறியிருப்பேன்.

பனியில் புதைந்த வண்டியை மூன்றாம் நாள்தான் தோண்டி எடுத்தார்கள், ஆர்லோவையும் சேர்த்து நான்கு பிணங்கள். ஊர் கொலீனைக் காறித் துப்பியது. நான் எழுதினேன், நான் எழுதினேன் என்று அவள் அழுதாள், யாரும் நம்பவில்லை. அந்த வெள்ளிக்கிழமை இரண்டு தட்டு மீன் சாப்பிட்டேன். பிறகு நீங்கள் கணினியிலிருந்து அந்த வரியைத் தேடி எடுத்துவிட்டீர்கள்.

கொலை என்கிறீர்கள். கணக்கைப் பாருங்கள். காலையில் நான் அழித்தபோது, ஒன்றும் ஆகாமல் போகத்தான் பத்தில் ஏழு பங்கு வாய்ப்பு இருந்தது. அதை எப்படிக் கொலை என்பது? ஆர்லோ போன் செய்த நேரத்தில் கணக்கு மாறியிருந்தது உண்மைதான். அவர் போக வேண்டிய சாலைக்கு நேர் மேலே மேகம் உட்கார்ந்துவிட்டதைத் திரையில் பார்த்துக்கொண்டேதான் அவரிடம் பேசினேன். பத்துக்குப் பத்து. ஆனால் அவர் என் கணிப்பைக் கேட்கவில்லையே. கொலீனுடையதைத்தானே கேட்டார்.