சின்னதா ரெண்டு ஹாரன்

— பின்னால நிக்காதீங்கங்க. பக்கத்துல வாங்க. குதிரையோட கண்ணுக்குத் தெரியிற எடத்துல நில்லுங்க. இன்னிக்கு சுது யாரையும் நம்பாது.

— நீ முழுசா இருக்கியே துஷ்யந்தி! கையக் காட்டு. கால்ல ஒண்ணும் இல்லையே?

— எனக்கென்ன? ஏன் ஒங்களுக்கு இப்பிடி வேர்த்து ஊத்துது? டவுன்லருந்து ஓடியா வந்தீங்க?

— பஸ்ஸ ஸ்டேண்டுல போட்டுட்டு நேரா மேல ஏறி வந்தேன். பங்களாக் குதிரையிலருந்து ஆள் விழுந்துருச்சுன்னு றக்வான டவுனே பேசுது. சரி, நீ நல்லாருக்க. அது போதும்.

— விழுந்தது நம்ம கிருஷ்ணகுமாரிங்க.

— யாரு?

— மேல் லயத்து வீட்டு நல்லையா மாமா மக. ரெண்டு மாசமா எங்கிட்ட குதிரை பழகுதே, அந்தப் புள்ள.

— அது ஏன் ஏறுச்சு? தெனமும் காலைல நீதானே சுதுவ வெளிய கொண்டு போவ?

— இன்னிக்கு பாப்பாவோட ஸ்கூல்ல தாய் தகப்பன் வரணும்னு சொல்லிவிட்டாங்க. நேத்து பொழுது சாயத்தான் தெரியும். நீங்க ராத்திரி பஸ்ஸுலயே படுத்துட்டீங்க, ஒங்களுக்கு எப்பிடிச் சொல்றது? நான் அங்க போனேன், அந்தப் புள்ள குதிரைய எடுத்துக்கிட்டுப் போச்சு. ஓ... ஓ... ஆடாத ராசாத்தி. உப்புத் தண்ணி எரியத்தான் செய்யும். அந்த வாளிய இப்பிடித் தள்ளுங்க.

— இந்தா. காலு ஒடஞ்சிருக்கா?

— ஒடையல. முட்டி ரெண்டும் தோல் உரிஞ்சி, சதைக்குள்ள மண்ணு. மிருக டாக்டர் வந்து தையல் போட்டுட்டுப் போனாரு. காலு ஆறிரும்னு சொன்னாரு, பயம் ஆறுமான்னு தெரியலன்னாரு.

— அந்தப் புள்ளைக்கு?

— றக்வான ஆஸ்பத்திரில வெச்சிக்கல. ரத்னபுரிக்கு அனுப்பிட்டாங்க. முக்தார் நானாவோட த்ரீவீல்லதான் போச்சு, கூட நல்லையா மாமா. இடுப்புலயா தொடையிலயா, எங்கேன்னு எனக்கு இன்னும் சரியாத் தெரியல. நானா திரும்பி வந்தாத்தான் சேதி.

— எப்பிடி விழுந்துச்சாம்?

— பழைய ஸ்டோர் வளைவுல. ஏதோ வண்டி ஹாரன் அடிச்சு மெரட்டியிருக்கு.

— யாரு பார்த்தது? குதிரைன்னா காத்துக்கு ஒரு பேப்பர் பறந்தாலும் மெரளும். புதுப் புள்ள, பிடிக்கத் தெரிஞ்சிருக்காது. நடு ரோட்டுல போயிருக்கும்.

— நடு ரோட்டுல போகலங்க. பெரிய மழைக்கு முன்னாலயே நான் போய்ப் பார்த்துட்டு வந்தேன். ஈரமண்ணு, கொளம்படி அச்சு அச்சாத் தெரிஞ்சுது. அத்தனையும் தண்ணி ஓடுற கான் ஓரத்தோட. நான் சொல்லிக் குடுத்த மாதிரியே போயிருக்கு. ஒரு எடத்துல மட்டும் மண்ணு கெளறிக் கெடந்துச்சு.

— சரி, சரி. நீ கத்தாத.

— நான் கத்தலையே. மேனேஜர் மாத்தயாவும் நீங்க சொன்னதத்தான் சொல்றாரு. வண்டி எதுவும் வரல, பொம்பளப் புள்ளைக்கு அடக்கத் தெரியல, குதிரைக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு. குதிரைய வித்துரலாம், அந்தப் புள்ளைய வேலையிலருந்து நிப்பாட்டிரலாம்னு கொழும்பு மொதலாளிக்கு என் முன்னாலயே போன் பேசுனாரு. அது ஆஸ்பத்திரிக்குப் போயி மூணு மணிநேரம் ஆவல.

— அவரு பங்களா, அவரு குதிரை. நம்ம என்னா சொல்ல ஏலும்?

— நான் சொல்லுவேன். நாளைக்குக் காலைல பொலிசுல என்னையும் வரச் சொல்லியிருக்காங்க. சண்ட நின்னு வெள்ளக்காரங்க திரும்ப வர ஆரம்பிச்ச வருசம் இந்தக் குதிரைய எறக்குனாங்க. அப்பயே நான் பஸ் ஸ்டேண்டுக்குப் போயி ஒவ்வொரு டிரைவர்கிட்டயும் சிங்களத்துல கெஞ்சுனேன். குதிரையக் கண்டா மெதுவாக்குங்க தம்பி, ஹாரன் அடிக்காதீங்க, தள்ளி வெலகிப் போங்க, நாங்களும் எடம் வந்தா ஒதுங்கி வழி விடுறோம்னு. ஒங்களுக்கு நெனப்பிருக்கா?

— இல்லாமயா? ஒனக்கு ‘அஷ்வ நங்கி’, குதிரைத் தங்கச்சின்னு பேரு வெச்சானுங்க.

— கேலி பண்ணுனாங்க. ஆனா கேட்டாங்க. லொறிக்காரங்ககூட மெதுவாக்குனாங்க. நான் கையத் தூக்கி ஸ்தூதின்னு நன்றி சொல்லுவேன், அவங்க தலைய ஆட்டுவாங்க. எத்தன தடவ நின்னு வழி விட்டிருக்காங்க! அப்பிடி இருந்த ரோட்டுலதான் இன்னிக்கு...

— தங்கச்சி! துஷ்யந்தி தங்கச்சி! உள்ளுக்கு ஈக்கிறீங்களா?

— வாங்க நானா, வாங்க! என்னா சொன்னாங்க?

— அல்லாஹ் காப்பாத்திட்டான். உசிருக்கு ஒண்டுமில்ல. தொடை எலும்பு ரெண்டாப் போயீக்கிது. நாளைக்கு ஒப்பரேசன். கம்பி வைக்கணுமாம். அட, உதயராஜ் மச்சானும் இங்கயா ஈக்கிறீங்க?

— இப்பத்தான் வந்தேன் நானா.

— பேசுதா நானா? நெனவு இருக்கா?

— பேசுது தங்கச்சி. கண்ணத் தொறந்து மொத மொத கேட்ட பேச்சு, ‘சுதுவுக்கு என்னா ஆச்சு’. ரெண்டாவது, ‘துஷ்யந்தி அக்கா கோவிச்சுக்கிட்டாங்களா’. நல்லையா அண்ணன் வெளிய போயி சுவரப் புடிச்சிக்கிட்டு அழுதாரு. டாக்டர் செல்றாரு, நடக்கும், ஆனா பழைய நடை வருமான்னு செல்ல ஏலாதாம்.

— நானா, நீங்கதானே மொதல்ல அங்க போனது. என்னா நடந்துச்சுன்னு இப்பவாச்சும் சொல்லுங்க. காலைல அவசரத்துல ஒண்ணும் கேக்கல நான்.

— கண்ணால கண்டது கொஞ்சம் தங்கச்சி. நான் கீழருந்து ஏறி வாறன். வளைவுக்கு அங்கால ஹோன் கேட்டிச்சி. நீட்டி அடிக்கல்ல. சின்னதா ரெண்டு. ஆளப் பேரு செல்லிக் கூப்புடுற மாதிரி.

— ரெண்டா?

— ரெண்டு. உடனே குதிர கத்துன சத்தம். நான் வளைவு திரும்புற நேரம் குதிர ரோட்டுல முட்டி போட்டுக் கெடக்குது, புள்ள கானுக்குள்ள. அங்கால ஒரு பஸ்ஸுட பின்பக்கம். பிரேக் லைட் செவப்பாப் பத்திச்சி. நிக்கப்போறான்னு நெனச்சன். லைட் அணைஞ்சி போச்சு. பஸ்ஸும் போயிட்டு.

— என்னா பஸ்ஸு நானா?

— தூறல் தங்கச்சி. என்ட கண்ணெல்லாம் கானுக்குள்ள ஈந்திச்சி. நம்பர் காணல்ல. பொலிசுலயும் அதத்தான் செல்லீக்கிறன். காணாதத நான் கண்டன்னு செல்ல மாட்டன். சரி, மஃரிபு தொழுகைக்கு நேரமாகுது. மச்சான், தங்கச்சியக் கூட்டிக்கிட்டுப் போயி ஒரு வாய் சோறு சாப்புட வைங்க. காலைலருந்து தண்ணிகூட குடிச்சீக்க மாட்டா.

— போய்ட்டு வாங்க நானா. ஒங்களுக்குப் புண்ணியம்.

— ...வா புள்ள. நம்மளும் போவோம். பாப்பா தனியா இருக்கும்.

— பாப்பா மருதாயி அக்கா வீட்டுல இருக்கு. என் மொகத்தப் பாருங்க.

— என்னா?

— அந்த ரோட்டுல எத்தன பஸ் ஓடுது? குதிரையக் கண்டா சின்னதா ரெண்டு ஹாரன் அடிக்கிறது எத்தன பஸ்ஸு?

— துஷ்யந்தி...

— ஒண்ணுதான். எனக்காக அடிக்கிறது. அத அடிக்கக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, நீங்க அடிக்கிறப்ப நான் சிரிச்சேன். திரும்பாமக் கையத் தூக்குனேன். எனக்குப் புடிச்சிருந்துச்சு. அதையும் நான் நாளைக்குச் சொல்லத்தான் வேணும்.

— அது வெளையாட்டுக்குத்தானே புள்ள. குதிரைக்கும் பழகிப்போச்சேன்னு நெனச்சேன்.

— குதிரைக்குப் பழகல. எனக்குப் பழகிருச்சு. ஒங்க பஸ் கீழ பாலத்துல ஏறுறப்பயே சத்தம் வெச்சிக் கண்டுபுடிச்சுருவேன். கடிவாள வாரக் கையில இறுக்கி, கழுத்தத் தடவி, மொகத்த பஸ் பக்கம் திருப்பி வெச்சுக்குவேன். நீங்க அடிக்கிறப்ப சுது ஒங்களப் பார்த்துக்கிட்டு நிக்கும். அந்தப் புள்ளைக்கு அது ஒண்ணும் தெரியாதுங்க. எம் புருசன் எனக்கு ஹாரன் அடிப்பாரு, சூதானமா இருன்னு அதுகிட்ட எப்பிடிச் சொல்றது? வெக்கமா இருந்துச்சு. சொல்லல.

— ஒன் மேல தப்பு இல்ல புள்ள.

— அப்ப யாரு மேல?

— சரி. நான்தான். நான்தான் அடிச்சேன்.

— பிரேக்கையும் புடிச்சீங்க.

— புடிச்சேன். கண்ணாடில பார்த்தேன். குதிரை எழும்புது, விழுது. கண்டக்டர் பின்னாலருந்து ‘யமு யமு’, போவோம் போவோம்னு தட்டுறான். அடுத்த பஸ்ஸும் ஸ்டேண்டுலருந்து கெளம்பியிருக்கும். ஏற்கனவே பெல்மதுளையில ஒரு கேசு இருக்கு, இன்னொண்ணுன்னா லைசன் போயிரும். எறங்குனா, தமிழ் டிரைவர்னா, மொதல்ல அடி, அப்புறம்தான் பேச்சு. போன வருசம் கன்னையாவுக்கு நடந்தது ஒனக்கே தெரியும். பல்லு ரெண்டு போச்சு. தப்பு அவன் மேல இல்லாமயே.

— தெரியும்.

— ரத்னபுரிக்குப் போயி ஸ்டேண்டுல இருக்குற போன ரெண்டு தடவ எடுத்தேன். பங்களா நம்பர் மனப்பாடம். ரெண்டு தடவையும் வெச்சுட்டேன். சோறு எறங்கல. திரும்பி வர்றப்ப அந்த வளைவுல யாரும் இல்ல. மழை எல்லாத்தையும் கழுவி விட்டிருந்துச்சு.

— அழாதீங்க. சுது மெரளுது. இப்பிடி உக்காருங்க, வைக்கோல் மேல.

— நாளைக்கு நீ என்னா சொல்லப்போற?

— நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. நீங்கதான் சொல்லப் போறீங்க. நான் பக்கத்துல நிப்பேன். சிங்களத்துல எழுதுறத நான் வாசிச்சுக் காட்டுறேன். லைசன் போனாப் போவட்டும். நான் ஒழைக்கிறேன், மலையில கொழுந்து எடுத்தாச்சும் பார்த்துக்குவோம். அங்கருந்து நேரா ரத்னபுரி ஆஸ்பத்திரி. நல்லையா மாமா அடிச்சா வாங்கிக்கிங்க.

— என்னைய விட்டுட்டுப் போயிர மாட்டியே?

— எதுக்குப் போறேன்? பயந்து ஓடுன மனுசன் மொத ஆளா நீங்க? கொல்லணும்னு அடிக்கலையே. யாரோ ஒரு புள்ள விழுந்துருச்சு, ஆள் யாருன்னு தெரியல, பயம், போயிட்டீங்க. தப்புத்தான். பெரிய தப்புத்தான். ஆனா எனக்கு வெளங்குது. நம்ம கிருஷ்ணகுமாரின்னு தெரிஞ்சிருந்தா நின்னிருப்பீங்க. இல்லையா?

— நின்னிருப்பேன்.

— அதான் சொன்னேன். எழும்புங்க.

— இல்ல புள்ள. நான் ஒனக்கு இத மறைக்கக் கூடாது.

— இன்னும் என்னாங்க?

— ஆள் யாருன்னு தெரியாமப் போவல. செவப்புத் தொப்பியக் கண்டேன்.

— பங்களாவுல இருக்குறதே ஒரு தொப்பிதானே. யாரு ஏறுனாலும் அதத்தான்...

— எனக்கு அது ஒன் தொப்பி. கிருஷ்ணகுமாரின்னா நின்னிருப்பேன். வேற யாரோன்னாகூட நின்னிருப்பேன். கானுக்குள்ள விழுந்தது நீன்னுதான் நெனச்சேன் துஷ்யந்தி. நீதானே, உசிரோட இருந்தா வெளிய சொல்ல மாட்டன்னு போயிட்டேன்.