மிதவை தப்பாக் காட்டுது

இல்ல தம்பி, ஷூவைக் கழட்டாத. கராஜ் தரை சில்லுனு கெடக்கும். அப்படியே வா. கதவை மட்டும் இழுத்துச் சாத்திடு, ப்ளஃப் துறைமுகத்துப் பக்கமிருந்து வர்ற காத்து ஆளையே தள்ளிடும். பீர் வாளி அதோ இருக்கு, துணி துவைக்கிற தொட்டிக்குப் பக்கத்துல. ஈஸ்ட் இன்னும் போடல. நீ வந்து ஒரு பார்வை பார்த்தப்புறம் போடலாம்னுதான் மூடி வச்சிருக்கேன்.

நீயே பாரு. மேலாக ஒரு டம்ளர் மொண்டு இந்த நீளக் குடுவையில ஊத்தி, சக்கரை எவ்வளவுன்னு காட்டுற மிதவைய விட்டேன். எங்க நிக்குது? ஆயிரத்து இருபது. உங்க கடை டின்னுல என்ன போட்டிருக்கு? ஆயிரத்து நாப்பது வரணும்னு. வெறும் தண்ணி ஆயிரம்னா, அதுக்கு மேல வரவேண்டியதுல பாதியத்தான் காட்டுது. அதான் போன் பண்ணினேன், மிதவை மறுபடியும் தப்பாக் காட்டுதுன்னு.

ஆமா, போன்லயே சொன்ன. நான் இல்லன்னா சொன்னேன்? ஒரு டின் மால்ட் பாகு, ஒரு கிலோ சக்கரை, வாளியில கோடு வரைக்கும் தண்ணி, இது மூணும் சரியா இருந்தா கணக்கு மாறாது அத்தை, மிதவைய மறந்துட்டு ஈஸ்டைத் தூவுங்கன்னு சொன்ன. நல்லா இருக்கே. மறக்கறதுக்கா ஒரு மிதவைய வாங்கி வச்சிருக்கேன்? மனசு ஒப்பல தம்பி. நேர்ல வந்து பார்த்தாத்தான் ஆச்சுன்னு அடம் பிடிச்சேன். கெழவி உசுர வாங்குறாளேன்னு நெனச்சிருப்ப. நெனைக்கலயா? பொய் சொல்லாத ஹேமி, மூஞ்சியிலயே எழுதியிருக்கு.

டீ போட்டுட்டேன், எடுத்துக்க. சீஸ் ரோலும் இருக்கு. நீ வருவேன்னு தட்டு நெறையச் சுட்டுட்டேன். எனக்கு ஒண்ணுக்கு மேல இறங்காது, நீதான் தீர்க்கணும்.

மிதவையிலயா கோளாறு? அது எப்படி? மொத தடவை வந்தப்போ நீதான வெறும் தண்ணியில விட்டுப் பார்த்த. சரியா ஆயிரத்துல நின்னுச்சு. அப்பவும் மனசு கேக்காம, போய் கடையிலேர்ந்து புதுசு ஒண்ணு கொண்டாந்து குடுத்த. அப்புறம் வந்தப்போ, சூட்டோட அளந்தா கம்மியாத்தான் காட்டும், ஆறவிட்டு அளக்கணும்னு சொன்ன. சரின்னு ஆறவிட்டேன். அதுக்கும் அப்புறம் வந்து, கண்ணுக்கு நேரா வச்சுப் படிக்கணும் அத்தைன்னு குனிஞ்சு காட்டின. அதுக்காகவே கண்ணாடிக்கடைக்குப் போய்க் கண்ணைச் சோதிச்சுட்டு வந்தேனே. கண்ணு நல்லாத்தான் இருக்குன்னுட்டான் அவன்.

அத்தைன்னு நீ கூப்பிடறது நல்லா இருக்கு, தெரியுமா? உங்க ஜனங்க பழக்கம், எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவீங்க. இருந்தாலும் நல்லா இருக்கு. இந்த வீட்டுல நாள் பூரா கெட்டில் கொதிக்கிற சத்தத்தை விட்டா வேற சத்தம் கெடையாது. பையன் கடல் தாண்டி பெர்த்துல சுரங்கத்துல வேலைன்னு கெடக்கான். அங்க விடிஞ்சா இங்க மத்தியானம். அவனுக்குப் போன் பண்ணத் தோணும்போது நான் தூங்கியிருப்பேனாம். நான் எங்க தூங்கறேன்.

யாரு போன்ல, வீட்டுலயா? பேசு பேசு. பத்து நிமிஷத்துல கெளம்பிடுவேன்னு சொல்லு. புள்ளைய நெட்பால் பயிற்சியிலேர்ந்து கூட்டிட்டு வரணுமா? அட, அது அஞ்சு மணிக்குத்தான முடியும். இன்னும் நேரம் இருக்கு, டீயக் குடி.

எதைப் பார்க்குற? அந்த அலமாரியில இருக்கற பாட்டிலா? எல்லாம் இங்க காய்ச்சினதுதான். என் வீட்டுக்காரரு டெஸ் போனப்புறம் நானே போட்டது. குடிக்கிறது யாரா? இருக்கட்டுமே, வர்றவங்க போறவங்களுக்கு ஆகும். தூசியா படிஞ்சிருக்கு? அப்போ வர்றவங்க கம்மின்னு வச்சுக்கயேன். நானா? சேச்சே, எனக்கு அந்தக் கசப்பு ஆகாது. அவரு உயிரோட இருந்தப்பவே நாக்குல வச்சதில்ல.

என்ன சொல்ற? கிளறுற கரண்டியா? அது எப்பவும் அந்த ஆணியிலதான் தொங்கும். இல்லப்பா, அதைத் தொடாத. அது... கழுவிட்டேன். கழுவி மாட்டிட்டேன்.

காஞ்சிருக்கா. அதுல நூலாம்படை வேற பிடிச்சிருக்கா. கடைக்காரன் கண்ணு, தப்புமா?

சரி. சொல்ல வேணாம், எனக்குத் தெரியும். பாகு கனம், அடியில போய்ப் படுத்துக்கும். அப்புறம் ஊத்தின தண்ணி மேல நிக்கும். மேல மொண்டா தண்ணியத்தான் அளக்கும். மிதவை என்ன பண்ணும் பாவம், அதுகிட்ட குடுத்ததைத்தான அது சொல்லும். நல்லா அடிவரைக்கும் போட்டுக் கிளறினா நாப்பதுல வந்து நிக்கும். எனக்கு எப்படித் தெரியும்னு கேக்குற. டெஸ் ரெண்டு கையாலயும் தூக்கித் தண்ணி ஊத்துவாரு. அவரு ஊத்த ஊத்தக் கிளறினது யாருன்னு நெனச்ச? கல்யாணம் ஆன வருஷத்துலேர்ந்து இந்தக் கைதான். ஒரு தடவைகூட மிதவை தப்பினதில்ல. பயப்படாத, பீருக்கு ஒண்ணும் ஆகாது. ஈஸ்டைப் போட்டு அது நுரைச்சுப் பொங்க ஆரம்பிச்சா தானே கலந்துக்கும். அந்த பாட்டிலெல்லாம் நல்ல பீருதான். போகும்போது வண்டியில ஏத்திக்க.

என்னப்பா அப்படிப் பார்க்குற? மிதவை சரியாக் காட்டிட்டா நீ எதுக்கு இந்தப் பக்கம் வரப்போற?

இந்தா கரண்டி, கிளறு. இல்ல, மொதல்ல டீயக் குடி, ஆறிடும். அடுத்த மாசம் இப்படி மேல மொள்ளாம, அடியில இருக்கு பாரு குழாய், அதைத் திறந்து பிடிக்கலாம்னு நெனச்சு வச்சிருந்தேன். பாகெல்லாம் அங்கதான கெடக்கும், அறுபதையே தாண்டும். அது ஏன்னு யோசிக்க உனக்கு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும், இல்ல?