சாட்சி கேட்டவருக்கு ஒரு சார்வரிப் படுதா

“அரை அடிதானே டீச்சர், உள்பக்கமா மடக்கி ஊக்கு குத்திடுங்க—”

“குத்தமாட்டேன் சார், அது ஒரு மனுஷனோட கையெழுத்து—”

“அரே, முழுசாக் கேளுங்க! வெள்ளிக்கிழமை ஃபங்ஷன். வர்றவங்க படத்தைப் பார்ப்பாங்களா, விளிம்பைப் பார்ப்பாங்களா?”

“மகாதேவன் சார் விளிம்பைத்தான் முதல்ல பார்ப்பார்!”

சாட்சி கேட்டே சரித்திரம் சொன்ன சான்றோரே! சாக்பீஸ் தூளைச் சந்தனமாய்ப் பூசிய செம்மலே! மாட்டுங்காவில் குடியிருந்து தாராவியில் குடிகொண்ட மாண்பாளரே! எங்கள் மகாதேவன் ஐயா! மேற்கண்ட குரல்கள் யாருடையவை என்று நீங்கள் இந்நேரம் கண்டுகொண்டிருப்பீர்கள். மடக்கச் சொன்னவர் நம் தலைமையாசிரியர் சுரேந்திரன். மறுத்தவர் ஓவிய ஆசிரியை மாலதி. வாழ்த்தோடு தொடங்க வேண்டிய மடல் வழக்கோடு தொடங்குவதைப் பொறுத்தருள வேண்டும். திங்கட்கிழமை முதல் இப்பள்ளியில் வேறு பேச்சே இல்லை.

முப்பத்தொரு ஆண்டுகள்! மாட்டுங்காவில் புறப்பட்டு, ரயில் பாலத்தில் ஏறி இறங்கி, கறுப்புக் குடையைத் தட்டித் தட்டி நீங்கள் நடந்து வந்த தொலைவைக் கூட்டினால் இந்தியாவை எத்தனை முறை சுற்றியிருப்பீர்களோ! இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு ஜூலை வெள்ளத்தில் நாற்பத்தொரு பிள்ளைகளோடு மாடி வகுப்பில் இரண்டு இரவு தங்கி, கடலைமிட்டாய்ப் பொட்டலத்தைப் பங்குபோட்டு, “இந்த வெள்ளத்துக்கும் ஒரு நாள் சாட்சி கேப்பேன், எல்லாத்தையும் நன்னாப் பாத்து வெச்சுக்கோங்கோ” என்று சொன்ன தீரரே! அன்று அழுத பிள்ளைகள் அதைக் கேட்டுத்தான் சிரித்தார்கள்.

படிக்கட்டுத் திருப்பத்தில் நீங்கள் மாட்டிய கரும்பலகையை அறியாதவர் இங்கில்லை. நடுவில் ஒவ்வொரு முறையும் ஓர் ஆண்டு. அதிலிருந்து நான்கு கோடுகள்: விளையாட்டு, கலை, கண்டுபிடிப்பு, நம்ம ஊர். ஒரே ஆண்டில் ஓடியவர் ஒருவர், வரைந்தவர் ஒருவர், புது விளக்கை ஏற்றியவர் ஒருவர், தெருவில் கொடி பிடித்தவர் ஒருவர். நால்வரும் ஒருவரையொருவர் பார்த்ததேயில்லை. அவர்களுக்குள் அறிமுகம் செய்துவைப்பதே என் உத்தியோகம் என்பீர்கள். எவர் எதைக் கொண்டுவந்தாலும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “நன்னாயிருக்கு. சாட்சி எங்கே?” என்பீர்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து ஆண்டாப் ஹில்லிலும் செம்பூரிலும் எத்தனை தகரப் பெட்டிகள் திறக்கப்பட்டன!

அந்தக் கேள்வியில் அடிபட்டவர்களில் மாலதியும் ஒருவர். பதினோராண்டுக்கு முன், வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றின் பலகையில், கலை என்ற கோட்டுக்குக் கீழே, ஆண்டாப் ஹில் பெண்கள் நடத்திய கும்மிப் போட்டியை எழுதினார். பரிசுக் குடத்தில் ‘ருத்ரோத்காரி, மாசி’ என்று வெட்டியிருந்தது. நீங்கள் டஸ்டரை எடுத்தீர்கள்.

“மாசின்னா மறு வருஷம் பிப்ரவரி ஆயிடுத்தே. தமிழ் வருஷம் சித்திரையிலே ஆரம்பிச்சு ஒரு காலை இந்தப் பக்கமும் இன்னொண்ணை அந்தப் பக்கமும் வைக்கும். பலகைக்கு அது ஆகாது. ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கும், அவ்வளவுதான் சட்டம்.”

பிள்ளைகள் முன்னால் அழித்தீர்கள். மாலதி கழிவறையில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அந்தச் சட்டத்தைப் பிறகு அவரே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு.

இனி, சுடலைக்கண்ணன். இருபத்தாறு ஆண்டுகளாக மணியடித்து, சாக்பீஸ் எடுத்துக் கொடுக்கும் நம் பியூன். அவருடைய தந்தை வானமாமலை தோல் பட்டறையில் சாயம் போட்டவர். மிச்சச் சாயத்தில் நாடகப் படுதா வரைந்தவர். சுடலைக்கண்ணன் வீட்டுச் சுவரில் ஒரு புகைப்படம். மேடையில் ராஜாவின் கொலுமண்டபப் படுதா. மண்டபத் தூண்களுக்கு நடுவே ஒரு பம்பாய் டிராம் வண்டி! கீழே விளிம்பில் ‘சார்வரி வருஷம்’ என்ற எழுத்து. அதற்கப்பால் ஆர்மோனியக்காரரின் முழங்கால் மறைத்துக்கொண்டிருந்தது. நீங்கள் பஞ்சாங்கம் பார்த்தீர்கள். சார்வரி என்றால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது. இந்த மாநிலம் பிறந்த ஆண்டு!

அன்று முதல் ஒவ்வொரு மே முதல் தேதியும் கொடியேற்றத்தில், “மகாராஷ்டிரம் பிறந்த வருஷத்திலேதான் நம்ம வானமாமலையோட படுதாவும் எழுந்துது” என்று முழங்குவீர்கள். அன்று ஒரு நாள் சுடலைக்கண்ணன் பின்வரிசையில் நிற்கமாட்டார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு கொடிமரத்துக்குப் பக்கத்தில் நிற்பார். ஆண்டு முழுதும் “சுடலை, தண்ணி, சுடலை, சாவி” என்று கூப்பிடுகிற நாங்கள் அன்று மட்டும் அவருக்குக் கை கொடுப்போம்.

எனவேதான் உங்கள் விடைபெறு விழாவுக்கு அறுபதாம் ஆண்டின் பலகையை அமைக்க முடிவு செய்தோம். விளையாட்டு: விம்பிள்டன் அரையிறுதியில் மட்டை பிடித்த தமிழர். கண்டுபிடிப்பு: அவ்வாண்டு மே மாதம் முதன்முதலாக ஒளிர்ந்த லேசர். நம்ம ஊர்: மாநிலத்தின் பிறப்பு. கலை: வானமாமலையின் படுதா. எல்லாம் பொருந்திற்று. அசல் படுதா சீத்தா கேம்ப்பில் காசிம் என்பவர் வீட்டில் இருப்பதாகத் தெரியவந்தபோது எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

திங்கட்கிழமை காலை காசிம் அதை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்.

“எங்க வாப்பா நாடகக்காரங்களுக்குப் பெஞ்சு, லைட்டு வாடகைக்கு விட்டவரு. இது அவருகிட்டயே தங்கிப்போச்சு. மழைக்குப் பரண்ல விரிச்சு வச்சிருந்தோம். ராஜா தலையில கொஞ்சம் ஒழுகியிருக்கு, கோவிச்சுக்காதீங்க.”

மாலதி ஹாலில் விரித்தார். ராஜா, மண்டபம், டிராம். பிறகு விளிம்பு. எந்த முழங்காலும் மறைக்காத விளிம்பு. ‘சார்வரி வருஷம், தை மாதம் முதல் தேதி. வானமாமலை.’

அவர் மூன்று தடவை படித்தார். செல்போனில் பார்த்தார், பஞ்சாங்கத்தில் பார்த்தார். சார்வரி தை என்றால் அறுபத்தொன்று ஜனவரி. “பொங்கல் நாடகத்துக்கு எங்கய்யா வரைஞ்சது” என்று சுடலைக்கண்ணன் நூறு தடவையாவது சொல்லியிருக்கிறார். பொங்கல் ஜனவரியில் வரும் என்பது எங்களில் யாருக்குத் தெரியாது? ஆனாலும் ஐயா, மாநிலமும் படுதாவும் அத்தனை அழகாகப் பொருந்தியதில், ஊரையெல்லாம் சாட்சி கேட்ட நீங்களும் பாதி சாட்சியோடு நின்றுவிட்டீர்கள், நாங்களும் கைதட்டிவிட்டோம்.

“அறுபத்தொண்ணுன்னு போட்டா மாநிலம் போச்சு, லேசர் போச்சு” என்று சுரேந்திரன் விரல் மடக்கினார். “டென்னிஸ் மட்டும் தப்பிக்கும், அடுத்த வருஷமும் அரையிறுதிக்குப் போனார். சாரோட முப்பது வருஷப் பேரை ஒரு விளிம்புக்காகவா கெடுக்கணும்? சுடலை மே ஒண்ணாம் தேதி எங்க போய் நிப்பார்? மடக்குங்க டீச்சர், சலேகா, ஒண்ணும் ஆகாது!”

மாலதி ஊக்குப் பெட்டியை இறுக்கி மூடினார். அப்போதுதான் படியில் ‘டக், டக்’ என்று குடையின் ஓசை. படுதாவைச் சுருட்டக்கூட நேரமில்லை. இருவரும் அதை வாரிக் குவித்து, முன்னால் பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

“என்ன மாலதி, எதை ஒளிச்சுண்டிருக்கேள்?” என்று கதவருகே நின்று கேட்டீர்கள்.

“ஒண்ணுமில்ல சார்.”

“ஒண்ணுமில்லையா? நன்னாயிருக்கு. சாட்சி எங்கே?”

சிரித்துக்கொண்டே போய்விட்டீர்கள். மாலதிக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. சொன்னால் உங்கள் முகம் எப்படியாகும்? சொல்லாவிட்டால் இத்தனை ஆண்டு உங்களிடம் கற்றது எதற்கு? எல்லாவற்றுக்கும் மேலாக, சுடலைக்கண்ணனிடம் எந்த வாயால் சொல்வது?

வியாழன் மதியம், சாப்பாட்டு மணி அடித்துவிட்டு வந்தவரைக் கூப்பிட்டு விளிம்பைக் காட்டிச் சொல்லியேவிட்டார். சொல்லும்போதே அழுதும்விட்டார். சுடலைக்கண்ணன் குனிந்து தந்தையின் எழுத்தை விரலால் தடவினார். பிறகு:

“மாநிலம் பொறந்தது மே மாசம். அப்பம் என்ன வருசம் டீச்சர்?”

“சார்வரி.”

“பொங்கலுக்கு?”

“அதுவும் சார்வரிதான்.”

“லேசரு?”

“சார்வரி. டென்னிஸும் சார்வரி.”

“பொறவு என்னத்துக்கு அழுதீய?”

சுரேந்திரன் அன்று மடக்கிய விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். நாங்கள் முப்பத்திரண்டு பேர், பட்டம் பெற்றவர்கள், நான்கு நாள் சண்டை போட்டோம். சித்திரையில் தொடங்கிப் பங்குனியில் முடிகிற ஒரே ஆண்டின் கூரைக்கடியில் நான்கும் அடங்கி உட்கார்ந்திருந்தன!

ஆனால் நிம்மதி ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை, ஐயா. “பலகையோட சட்டம்?” என்றார் சுரேந்திரன். ஜனவரி முதல் டிசம்பர் வரை, எழுதியவர் நீங்கள். நடுவில் சார்வரி என்று எழுதினால் உங்கள் மே தினப் பேச்சு நிலைக்கும், உங்கள் சட்டம் உடையும். மாலதியின் கும்மிக்கும் எண்பத்து மூன்றின் பலகையில் இடம் திருப்பித் தரவேண்டிவரும். அறுபத்தொன்று என்று எழுதினால் சட்டம் நிலைக்கும், உங்கள் பேச்சை உங்கள் கையாலேயே அழிக்க வேண்டும். அறுபது என்று எழுதலாம். அதற்கு ஊக்கு வேண்டும். ஊக்குப் பெட்டியை மாலதி சன்னல் வழியாக வீசிவிட்டார்.

ஆகவே இம்மடலை மாலதி வாசிக்கும் இவ்வேளையில், உங்கள் பின்னால் தொங்கும் படுதாவில் விளிம்பு தரை வரை இறங்கியிருக்கிறது. மேடையிலுள்ள பலகையில் நான்கு கோடுகளும் உண்டு. நடு மட்டும் வெறுமை. கோபிப்பீர்களோ, குன்றுவீர்களோ, எங்களுக்குத் தெரியவில்லை. மறைத்துவைத்து உங்களைப் புகழ எங்களுக்கு மனம் வரவில்லை. இப்படிச் சொல்லிப் புகழவோ பயமாக இருக்கிறது. இரண்டில் பயத்தைத் தேர்ந்தோம்.

மூட்டுவலி உங்கள் வீட்டு விலாசம் மறந்து போகட்டும்! அந்தக் கறுப்புக் குடை இன்னும் முப்பத்தொரு மழை காணட்டும்! பேரப்பிள்ளைகள் பொய் சொல்லும்போதெல்லாம் சாட்சி கேட்டு, அவர்கள் சிரிக்க நீங்களும் சிரித்து, நூறாண்டு நிறைவாய் வாழ்க, ஐயா!

அன்பில் கட்டுண்டு ஆசிரியர்களும் அலுவலர்களும் முப்பத்திரண்டு பேர் கீழே கையொப்பம் இட்டிருக்கிறோம். முப்பத்து மூன்றாவது இடம் காலி. “சாருகிட்ட ஒண்ணு கேக்கணும், கேட்டுட்டுத்தான் போடுவேன்” என்று சுடலைக்கண்ணன் பேனாவை வாங்க மறுத்துவிட்டார். இன்று மே முதல் தேதி இல்லை. ஆனாலும் இஸ்திரி போட்ட அந்த வெள்ளைச் சட்டையில், முழு சாக்பீஸ் ஒன்றை நீட்டிப் பிடித்தபடி, இதோ மேடைப்படி ஏறி வருகிறார்.

“சாரே, எங்கய்யா எந்த வருசத்துக்காரரு? நீங்களே எழுதுங்க.”