வலது கை மட்டும் இறுக்கம்

— இன்று நவம்பர் மாதம் மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை. வானம் இருண்டு கிடக்கிறது. விடியல் முதல் மழை இடைவிடாது பெய்துகொண்டிருக்கிறது.

— ஐயா, தேதி மட்டும் சொன்னா போதும். ஆபரேஷனுக்கு முன்னால எல்லாரையும் கேட்கிறதுதான்.

— கேட்டதற்கு மேல் பதில் சொல்வது என் பழைய வியாதி, சிஸ்டர். கட்டி அதற்குப் பிறகு வந்தது.

— அம்பது வயசுல பள்ளிக்கூடம் போய் எழுதப் படிக்கக் கத்துக்கிட்டதுல இருந்து இவர் இப்படித்தான் சிஸ்டர். தூக்கத்துலகூட பாடப் புத்தகம்தான்.

— வா, மாப்பிள்ளை! சிஸ்டர், இவன் என் மனைவியின் தம்பி. என் தையற்கடையில் துணி வெட்டியவன். இந்தக் கையால் இவனுக்கும் எனக்கும் வழக்கு.

— வழக்கும் இல்ல, வாய்தாவும் இல்ல அத்தான். அக்கா போன் பண்ணா, வந்தேன்.

— தலை நனைந்திருக்கிறது, பை நனையவில்லை. உள்ளே என்ன?

— அப்புறம் காட்டுறேன். வலிக்குதா?

— வலித்திருந்தால் அன்றே பிடிபட்டிருக்குமே! பூனை போல் ஓசைப்படாமல் வளர்ந்தது. நான் மாதக்கணக்கில் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்?

— 'வலது கை மட்டும் இறுக்குது. கை வெட்ட உனக்குத் தெரியல.'

— எந்தச் சட்டைக்கு?

— எல்லாச் சட்டைக்கும்! பிரிச்சுப் பிரிச்சுத் தச்சேன். கடைசியா, கடை நிறைய ஆள் நிக்கும்போது, 'நீ கோணி தைக்கத்தான் லாயக்கு'ன்னீங்க. கத்தரியைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

— ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாள். நான் சட்டை கோணல் என்றேன். ஊரார் தோளையெல்லாம் அளந்தவன், என் தோளுக்கு மட்டும் கல்யாணச் சட்டைக்கு எடுத்த அளவையே நம்பினேன். கை பெருத்தது, மாப்பிள்ளை. மூளை பெருக்கவில்லை.

— யார்தான் கண்டுபிடிச்சது?

— உன் அக்கா. முதுகு தேய்த்தவள் வலது தோளுக்குக் கீழே தடவி, 'இதென்ன, எலுமிச்சம்பழம் மாதிரி?' என்றாள். 'உழைத்து ஏறிய தசை' என்று கையை மடக்கிக் காட்டினேன்! அப்புறம் ஊசி விட்டு ஒரு துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். சதையில் வரும் புற்றாம். அதைத்தான் மடக்கி மடக்கிக் காட்டியிருக்கிறேன்.

— டாக்டர் என்னங்கிறாரு?

— அவரும் நம்மைப் போல வெட்டுக்காரர்தான். நாம் தையலுக்கு ஓரம் விடுகிறோம். அவர் கட்டியைச் சுற்றி நல்ல சதையிலும் ஓரம் சேர்த்து எடுப்பாராம். கைக்கு ஓடும் நரம்புகளை அது வளைத்திருந்தால்...

— இருந்தா?

— கையையே எடுக்க வேண்டியதுதான். திறந்து பார்த்தால்தான் உறுதியாம். சம்மதம் என்று கையெழுத்துப் போட்டேன். எந்தக் கையால்? அந்தக் கையாலேயே. பாவி, என்றும் இல்லாமல் எழுத்து அழகாக வந்தது.

— அத்தான், எனக்குச் சிரிப்பு வரல.

— சிரித்துத் தொலை. நான் அழுதால் பார்க்கச் சகிக்காது.

— ஐயா, கூப்பிடுறாங்க. படுத்துக்கோங்க, தள்ளிட்டுப் போகணும்.

— மாப்பிள்ளை, வெளியே வந்ததும் நான் அந்தப் பக்கம் பார்க்க மாட்டேன். அவ்வளவு தைரியம் படிக்கவில்லை. நீயே சொல்லிவிடு.

* * *

— ஐயா, கண்ணைத் திறங்க. இன்னைக்கு என்ன தேதி?

— நவம்பர்... மூன்று... மழை...

— மழை விட்டுருச்சு. உங்க மச்சான் வந்திருக்காரு, பேசுங்க.

— மாப்பிள்ளை. வலது பக்கம் ஒன்றுமே தெரியவில்லையே.

— மரத்துப்போக ஊசி போட்டிருக்காங்க அத்தான். அங்க பார்க்க வேணாம். இதைப் பாருங்க.

— நீலச் சட்டை. எனக்கா? இடது கை இருக்கிறது. வலது கை... மாப்பிள்ளை, வலது கையும் இருக்கிறது!

— உங்களுக்கும் இருக்கு. நரம்பைத் தொடலையாம். இன்னும் கதிர்வீச்சுக் கரண்டு வைக்கணும், கையைத் தூக்கப் பழகணும். ஆனா கத்தரி பிடிக்கலாம்னாரு.

— வலது கை தொளதொளவென்று இருக்கிறதே. வெட்டு...

— சொல்லுங்க, சொல்லுங்க!

— வெட்டு சரி. என்றைக்குமே சரியாகத்தான் இருந்தது.

— கட்டோட நுழையணும்ல. அதான் தாராளமா விட்டேன்.

— பைக்குள் இன்னும் நீலம் தெரிகிறதே?

— மிச்சத் துணி.

— மிச்சத் துணிக்குக் காலர் உண்டா? எடு.

— வேணாம் அத்தான்.

— எடுடா... இதற்கு வலது கையே இல்லை. தோளோடு மூடித் தைத்திருக்கிறாய். பட்டனும் இல்லை.

— கை போனாலும் போகலாம்னு அக்கா போன்லயே சொல்லிட்டா. காலைல ரெண்டுலயுமே பட்டன் இல்ல அத்தான். ரெண்டையும் மடியில வச்சுக்கிட்டு வாசல்லயே உட்கார்ந்திருந்தேன். டாக்டர் வெளிய வந்து சொன்னப்புறந்தான், உங்க சட்டைக்குப் பட்டன் கட்ட ஊசியில நூல் கோத்தேன். அப்ப மணி சரியா நாலு இருபது.