தண்ணீர் படாத கல்

நீங்கள் கேட்டது நல்ல கேள்வி, ஐயா. மதுரையில் இருபது ரூபாய் சொல்லும் ஊதாக்கல்லை நான் மட்டும் எப்படிப் பன்னிரண்டுக்கு விற்கிறேன் என்று திண்டுக்கல் கடைவீதியில் வெகுநாள் பேச்சு. போலி என்றுகூடச் சொன்னார்கள். என் கடையில் போலி கிடையாது. விலையைக் கூட்டுவது கல் அல்ல, அது கடந்து வரும் கைகள். அது புரிந்தால் மற்றதும் உங்களுக்குப் புரிந்துவிடும்.

மழை ஓய்ந்ததும் வடமதுரைப் பக்கத்துச் செம்மண் காடுகளில் ஆடு மேய்க்கும் பெண்கள் கல் பொறுக்குவார்கள். வெள்ளை என்றால் ஸ்படிகம், ஊதா என்றால் செவ்வந்திக்கல். இரண்டு கை நிறையக் கொடுத்தால் அரை ரூபாய் கிடைக்கும். ஊர்த் தரகன் அதை வாங்கி மொத்த வியாபாரிக்குத் தள்ளுவான். அங்கிருந்து கல் திருச்சிக்குப் போய், பட்டறையில் பட்டை தீட்டப்பட்டு, இன்னொரு வியாபாரி வழியாக என் போன்ற கடைக்காரனிடம் வரும். பத்துப் பன்னிரண்டு மைலில் கிடைக்கிற கல், நூறு மைலுக்கு மேல் சுற்றிவிட்டு என் கடைக்கு வரும். வழியில் ஒவ்வொரு கையும் தன் பங்கை ஏற்றிவிடும்.

நான் அந்தக் கைகளைக் குறைத்தேன். ஐம்பத்து நான்கில் என் மகள் பொன்னழகை வடமதுரைத் தரகன் கருப்பணனுக்குக் கட்டிக்கொடுத்தேன். மொத்த வியாபாரிக்குச் சொல்லும் விலையை எந்த மருமகனும் மாமனாரிடம் சொல்ல மாட்டான் அல்லவா? கல் நேராக என்னிடம் வந்தது.

பொன்னழகு சிரித்தால் பக்கத்தில் இருப்பவர்களும் காரணம் தெரியாமல் சிரிப்பார்கள். அப்படி ஒரு பெண். மூன்று வருஷத்தில் அந்தச் சிரிப்பை அவன் அடித்தே நிறுத்தினான். ஐம்பத்தேழு ஆடியில் அவன் தோட்டத்துக் கிணற்றிலிருந்து அவளை எடுத்தார்கள். தண்ணீர் இறைக்கப் போனவள் வழுக்கி விழுந்தாள் என்று அவன் சொன்னான். போலீஸ் கேட்டபோது நானும் அதையேதான் சொன்னேன். தூக்கு என்றால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். எனக்கு அது போதவில்லை.

மறு வருஷம் என் வீட்டுக் கொல்லையில் பட்டறை போட்டேன். லாபத்தில் பாதி உங்களுக்கு என்று சொன்னதும் கருப்பணன் தம்பியிடம் தரகை விட்டுவிட்டு என் வீட்டுக்கே வந்துவிட்டான். திருச்சியிலிருந்து முகமது பாரூக் என்ற கைதேர்ந்த பட்டறைக்காரர் வந்து அவனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார். மோட்டாரில் சுழலும் சாணைச் சக்கரம், அதற்கு மேலே உறியில் ஒரு மண்பானை, அதிலிருந்து சக்கரத்தின்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். ஊருக்குக் கிளம்பும் அன்று பாரூக் என்னைத் தனியே அழைத்தார்.

“முதலாளி, தண்ணி இல்லாம மட்டும் கல்லைச் சக்கரத்துல வைக்க விடாதீங்க. அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போயி உக்காந்துக்கும். எங்க சின்னாப்பா அப்படித்தான் மவுத்தானாரு. ஒரு வாய் கஞ்சி முழுங்க மூச்சு இல்லாமக் கெடந்தாரு.”

“எத்தனை வருஷத்துல?” என்று கேட்டேன்.

“அஞ்சாறு வருஷம் இழுத்துச்சு.”

அவர் பஸ் ஏறியதும் பானையை இறக்கினேன்.

“மாப்ளே, தண்ணி வழிஞ்சா கல்லுக்குள்ள இருக்க கோடு தெரிய மாட்டேங்குது. முதல் உரசலைக் காயவே பண்ணுங்க. வேகமும் கூடும். உருப்படிக்கு இம்புட்டுன்னு கூலி தாரேன்” என்றேன்.

“தூசி பறக்குமே, மாமா?”

“சுண்ணாம்புக் காளவாசல்ல நிக்கிறவன் எல்லாம் செத்தா போயிட்டான்? துண்டைக் கட்டிக்கங்க.”

பொடிக்கல் சிதறும் என்று சொல்லி ஜன்னலையும் அடைத்தேன். சூடேறிச் சில கற்கள் விரிசல் விட்டன. அந்த நட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாலையில் அவன் வெளியே வரும்போது தலை, புருவம், மீசை எல்லாம் வெள்ளையாக இருக்கும். தினமும் நாட்டுக்கோழிச் சாறு கொடுக்கச் சொன்னேன்.

“கல்யாணத்துலகூட என்னை இம்புட்டுக் கவனிச்சதில்ல, மாமா” என்று சிரிப்பான்.

நானும் சிரிப்பேன்.

மூன்றாம் வருஷம் இருமல் வந்தது. எனக்கு அதன்பிறகுதான் சோறு ஒழுங்காக இறங்கியது. பக்கத்து அறையில் அவன் இருமுவதைக் கேட்டபடி சாப்பிடுவேன். இருமல் நின்றால் கையும் நின்றுவிடும். டாக்டர் காசம் என்றார். ஊசி மருந்துக்கு நான் கணக்குப் பார்க்கவே இல்லை. திருச்சிக்குப் போய்வரும் செலவு நின்றதால் கல் விலை இன்னும் இறங்கியது, கூட்டம் கூடியது. அதை நான் எதிர்பார்த்துச் செய்யவில்லை. தானாக வந்த லாபம்.

போன மார்கழியில், ஒரு மத்தியானம், அவன் முடிகிற நிலைக்கு வந்தான். நாலு அடி எடுத்து வைக்க முடியாது. காதருகே குனிந்து சொன்னேன்.

“பானையை நான்தான் இறக்கினேன், மாப்ளே. பொன்னழகுக்காக.”

அவன் அழுவான் என்று நினைத்தேன். வார்த்தைக்கு ஒரு மூச்சாக இழுத்து இழுத்துப் பேசினான்.

“தள்ளிவிட்டது நாந்தான். இல்லேங்கல. அதுக்கு முந்துன நாளு... அவளை பஸ் ஏத்தி அனுப்புனது யாரு, மாமா?”

சாயங்காலம் போய்விட்டான். துக்கம் கேட்க வந்த பாரூக் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தார். வெறும் உறியையும், உத்தரத்தில் மாவாகப் படிந்திருந்த தூசியையும் பார்த்துவிட்டு, நேராக ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்துவிட்டார். நல்ல மனிதர்.

அவன் சொன்னதையும் நீங்கள் விசாரிப்பீர்கள். அவள் வந்தது உண்மைதான்.

“இனி அங்க போனா உசுரோட திரும்ப மாட்டேன்ப்பா” என்றாள்.

“பத்து நாள் பொறுத்துக்க, தாயி. ஆவணி முகூர்த்தத்துக்குள்ள அந்தச் சரக்கு வந்துரட்டும். அப்புறம் அவனைக் கேக்குறேன்” என்றேன்.

அந்த வாரம் அவன் வீட்டில் மூன்று மூட்டைக் கல் கிடந்தது. அன்று பகைத்துக்கொண்டால் அது மொத்த வியாபாரிக்குப் போயிருக்கும். மோதிரக் கல் விலை பழையபடி ஏறியிருக்கும். வியாபாரம் செய்கிறவனுக்கு இது தெரியும். அவளை ஜன்னலோரம் உட்காரவைத்தேன். வழியில் தின்னச் சிறுமலைப் பழம் ஒரு சீப்பு வாங்கிக் கொடுத்தேன். அவள் கருமாதிக்கு முன்பே சரக்கு வந்து சேர்ந்தது. அருமையான ஊதா.

எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. கருப்பணனைக் கொன்றது நான்தான். என் மகள் சாவுக்குக் காரணமானவனை நான் சும்மா விடவில்லை.