செத்த தூள்

– காலையில புகைபோக்கி உச்சியில மூணு காட்டின பாதரச மீட்டர், நம்ம வீட்டுக் கூடத்துல நாப்பது காட்டுதுடா தம்பி.

– உன் கை ஆடுற ஆட்டத்துல அதுக்குத் தலை சுத்தியிருக்கும். திரும்பப் பாருக்கா.

– நாப்பத்திரண்டு. கை மூணு மாசமா இப்படித்தான். நீ உமி அடைச்சுக் குடுத்த இந்தச் சூட்டுப் பை கழுத்து வலிக்குக் கேக்குது, நடுக்கத்துக்குக் கேக்க மாட்டேங்குது.

– வேற என்ன, மின் நிலையத்துல நிலக்கரி எரியுது. புகை இங்கேயும் வந்திருக்கும்.

– அந்தப் புகையில இப்ப பாதரசமே அவ்வளவா இல்லையேடா. நாங்க தெளிக்கற கரித்தூள் அதை உறிஞ்சிட்டு வடிகட்டிப் பையில போய் விழுது. அந்தப் பையை உதறுறவனே நீதான்.

– ஆமா, பாராட்டு உன் லேபுக்கு, தும்மல் எனக்கு.

– வாயடிக்காம கூட வா. அடுப்படி, நாப்பது. குளியலறை, நாப்பது. மாடிப்படியிலயும் அதேதான். எங்கேயும் குறையல. ஏதோ ஒண்ணு நம்ம கூடவே நடந்து வருதுடா.

– பட்டப்பகல்ல ஏன்க்கா பயமுறுத்தறே?

– உன் பாப்பா ரூமைத் திற.

– இப்பதானே தோள்ல போட்டுத் தூங்க வெச்சே. எழுந்துட்டா நீயே பாத்துக்கோ.

– திறடா! நாப்பத்தஞ்சு. ஜன்னலையும் திற.

– திறந்துட்டேன். இறங்குதா?

– இல்ல. டேய், பாப்பாவுக்குக் கம்மல் மாத்தினீங்களா?

– இல்லையே. நீ வாங்கிக் குடுத்த தங்கம்தான்.

– இந்தக் காதுல தங்கம். அந்தக் காதைப் பாரு.

– வெள்ளியாட்டம் இருக்கு... தேய்ச்சாலும் போகலையே!

– போகாது. தங்கத்துல பாதரசம் ஏறினா இப்படித்தான் வெளுக்கும். அவளைத் தூக்கு. தம்பி, உண்மையைச் சொல்லு. உதறின தூளை வீட்டுக்குக் கொண்டு வந்தியா?

– கொஞ்சம்தான்க்கா. செத்த தூள்தானே.

– ஐயோ!

– எல்லாரும் அப்படித்தானே சொல்றோம்? புதுசுன்னா உயிர்த் தூள், உதறினா செத்த தூள். ட்ரம்லயே அப்படித்தான் எழுதியிருக்கு. செத்தது என்ன பண்ணிடப் போகுதுன்னு...

– செத்ததுன்னா இனிமே உறிஞ்சாதுன்னுதான்டா அர்த்தம். வயிறு முட்டத் தின்னுட்டுக் கிடக்கு. சூடு பட்டா அத்தனையும் கக்கிடும். எங்க வெச்சே? சொல்லு, தூக்கி வெளிய போடலாம்.

– மீட்டரை என்கிட்ட குடுக்கா. பாப்பா என்கிட்டயே இருக்கட்டும். நீ அங்கேயே நில்லு.

– எதுக்குடா?

– நான் தள்ளிப் போகப் போக இறங்குது. முப்பது. பத்து... நாலு.

– ஏன்டா என்னை அப்படிப் பாக்கறே?

– பாப்பா எந்தக் காதை உன் தோள்ல வெச்சுத் தூங்குவாக்கா?

– அந்த... வெளுத்த காதை.

– கழுத்துல இருக்கற சூட்டுப் பையை மெதுவா எடுத்துக் கீழ வெய்யிக்கா. நான் அதுல அடைச்சது உமி இல்ல.